அந்த வாரம் எல்லாரும் எதைத் தேடினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஓரமாக ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம், 'இந்த வாரம் நெட்டில் அதிகம் தேடப்பட்டவை' என்று ஐந்தே வரி. அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தபாலில் வந்தன, வாட்ஸ்அப்பில் வந்தன, ஒருவர் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அதனால் அரசியல், சினிமா கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கிறேன்.

'அதிகம் தேடப்பட்டது' என்று போடுகிறீர்கள். எத்தனை பேர் தேடினார்கள் என்று போடவில்லையே, லட்சமா கோடியா?
ஒரு வாசகர், மன்னார்குடி

நியாயமான கேள்வி. நாங்கள் பார்க்கும் இடத்திலேயே அந்த எண் முழுசாக இருக்காது, அதுதான் காரணம். இந்த மாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் கூகுள் ட்ரெண்ட்ஸிலிருந்து எடுக்கப்படுகின்றன. 2006-இல் ஆரம்பித்த இலவச சேவை அது, 2004 வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். ஒரு வார்த்தையைப் போட்டால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும், அதன் உச்சிக்கு 100 என்று மதிப்பு. இந்த 100-ஐ ஆள் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கேட்ட ஊரில், நீங்கள் கேட்ட காலத்தில் நடந்த எல்லாத் தேடல்களிலும் இந்த வார்த்தையின் பங்கு எந்த நேரத்தில் மிக அதிகமாக இருந்ததோ அந்த நேரம் 100, மற்றதெல்லாம் அதை வைத்து 40, 12, 3 என்று இறங்கும். அதையும் தேடல்களில் ஒரு பகுதியை மட்டும் மாதிரிக்கு எடுத்துத்தான் போடுகிறார்கள், ஒவ்வொரு தேடலையும் எண்ணி அல்ல. ஒரே ஆள் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தேடினால் அதையும் கழித்துவிடுவார்கள். அன்றன்று 'ட்ரெண்டிங்' என்று வரும் பக்கத்தில் மட்டும் '2 லட்சத்துக்கு மேல்' என்கிற மாதிரி தோராயமாக ஒரு எண் இருக்கும்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதிகம் என்பது வேறு, திடீரென்று ஏறுவது வேறு. உங்கள் தெரு முனை டீக்கடையில் தினமும் 500 டீ போகிறது, ரோஸ்மில்க் 20 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்த் திருவிழா அன்று வெயிலில் ரோஸ்மில்க் 200 போய்விட்டது, டீ 450. அன்று ராத்திரி கடைக்காரர் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார்? 'இன்னிக்கு ரோஸ்மில்க்தான்' என்பார். டீதான் இன்னமும் அதிகம், ஆனால் சேதி ரோஸ்மில்க்தான். நாம் பார்க்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்தக் கடைக்காரர் சொல்லும் கணக்கு. 5000 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டால் ட்ரெண்ட்ஸில் எண்ணே வராது, 'பிரேக்அவுட்' என்று மட்டும் வரும். அதைப் பார்த்து நாடே கொந்தளித்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நேற்று பத்துப் பேர் தேடியதை இன்று அறுநூறு பேர் தேடினாலும் அது 5000 சதவீதத்தைத் தாண்டிய ஏற்றம்தான். மாநிலங்களை வரிசைப்படுத்தும்போது சின்ன மாநிலம் முதலில் வந்து நிற்பதும் இப்படித்தான், அங்கேயும் பார்ப்பது பங்கைத்தான், ஆள் எண்ணிக்கையை அல்ல.

ஏதாவது ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த வாரத் தேடலை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித் தர முடியுமா? இதழியல் படிக்கிறேன்.
கல்லூரி மாணவி, விழுப்புரம்

உங்கள் ஊரைப் பார்த்ததுமே எந்த வாரம் என்று முடிவாகிவிட்டது, அம்மா. 2023 ஆகஸ்ட் 20 முதல் 26 வரை.

ட்ரெண்ட்ஸில் வாரம் என்பது ஞாயிறு தொடங்கி சனி வரை. அந்த வாரம் ஆரம்பித்ததே கெட்ட செய்தியோடு. ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள். நம் சந்திரயான்-3 ஜூலை 14-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி அப்போது நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. 2019 செப்டம்பர் 7 விடியற்காலையில் சந்திரயான்-2 தரையிறங்கும் நேரத்தில் தொடர்பு அறுந்துபோனது யாருக்கும் மறக்கவில்லை. இதுவும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தோடுதான் அந்த வாரத்துத் தேடல் ஆரம்பிக்கிறது. எத்தனை மணிக்கு இறங்கும், எங்கே நேரலையில் பார்க்கலாம், தென் துருவம் எதற்கு, இந்தக் கேள்விகளையெல்லாம் அந்தப் பயத்தோடு சேர்த்து வாசித்தால்தான் முழுசாகப் புரியும்.

23-ஆம் தேதி புதன்கிழமை சாயங்காலம் நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெட்டிக்கடையில் பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து இஸ்ரோ நேரலையை ஓடவிட்டிருந்தார்கள், சுற்றி முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். இரண்டு பஸ் வந்து போனது, ஏற வேண்டியவர்களில் பாதிப் பேர் ஏறவே இல்லை. 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 பத்திரமாகத் தரையிறங்கியதும் கைதட்டல் எழுந்ததே, அதில் ஒரு கண்டக்டரின் விசில் சத்தமும் சேர்ந்துகொண்டது. அது அடங்கியதும் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்த பையனிடம் 'யாரோ நம்ம ஊர்ப் பிள்ளைதானாமே, யாருன்னு பாருடா' என்றார். அவன் டைப் அடிக்கவில்லை, மைக்கை அமுக்கிவிட்டு 'சந்திரயான் மூணு விழுப்புரம்' என்றான். வீரமுத்துவேல் முகம் வந்தது. திட்ட இயக்குநர், இந்த ஊர் ரயில்வே பள்ளியில் படித்தவர், அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன், இதே ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ படித்து, பிறகு சென்னை ஐஐடி வரை போனவர். பையன் அதை உரக்க வாசித்தான். அந்த அம்மா கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

ட்ரெண்ட்ஸ் கோட்டில் அந்த வாரம் தெரியும் உச்சி இந்த மாதிரித் தேடல்களால் ஆனது. அன்று இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த வருஷக் கடைசியில் கூகுள் இந்தியாவுக்காக வெளியிட்ட பட்டியலில், செய்தி நிகழ்வுகளில் முதல் இடம் சந்திரயான்-3-க்குத்தான். இதோடு ஒட்டிய தமிழ்நாட்டுச் சேதிகளும் அந்த வாரம் வெளியே வந்தன. சந்திரயான்-1-க்கு மயில்சாமி அண்ணாதுரை, 2-க்கு வனிதா, 3-க்கு வீரமுத்துவேல் என்று மூன்றுக்கும் திட்ட இயக்குநர்கள் தமிழர்கள். நிலவில் இறங்கும் ஒத்திகைக்கான மண் நாமக்கல் பக்கத்திலிருந்து போனது, சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டு நில மண்ணுக்கு நெருக்கமானது என்பதால். எத்தனையோ பேர் சித்தம்பூண்டி என்ற பெயரையே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டிருப்பார்கள்.

அதே வாரத்தில் இன்னொரு மலையும் இருக்கிறது. பாகுவில் உலகக் கோப்பை செஸ். 21-ஆம் தேதி டை பிரேக்கில், அதாவது ஆட்டங்கள் சமனாக முடிந்தால் வெற்றியாளரை முடிவு செய்ய வைக்கும் விரைவு ஆட்டங்களில், அமெரிக்காவின் கருவானாவைத் தோற்கடித்து 18 வயது பிரக்ஞானந்தா இறுதிக்குப் போனார். 22, 23 இரண்டு நாளும் நார்வேயின் கார்ல்சனோடு டிரா, 24-இல் டை பிரேக். அதில் ஆளுக்கு 25 நிமிடம் வைத்து விரைவு ஆட்டம் இரண்டு. முதல் ஆட்டத்தில் தோல்வி, இரண்டாவது டிரா, கோப்பை கைநழுவியது. செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்று தெரியாத வீடுகளில்கூட அந்த வாரம் 'டை பிரேக்னா என்ன' என்ற பேச்சு ஓடியது. அந்த வருஷத்து 'எப்படி' கேள்விகள் பட்டியலில் 'செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆவது எப்படி' என்பதும் இருந்தது. கேட்ட பிள்ளைகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும், அதோடு மூன்று கிராண்ட்மாஸ்டர் நார்ம், அதாவது போட்டிகளில் கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு ஆடியதற்கான தகுதி, வாங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை 25-ஆம் தேதி வரலட்சுமி விரதம். பூஜை நேரம், கலசம் வைக்கும் முறை எல்லாம் தேடப்படும் நாள். அதே நாள் திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீ. உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரால் வந்தது. ஒன்பது பேர் இறந்துபோனார்கள். இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அன்று 'மதுரை ரயில்' என்று தேடியவர்களில் பல்லைத் துலக்கிக்கொண்டே செய்தி பார்த்தவரும் இருப்பார், உத்தரப் பிரதேசத்தில் யாத்திரைக்கு அனுப்பிவைத்த அப்பா அம்மாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கை நடுங்கத் தேடியவரும் இருப்பார். கோட்டில் இரண்டும் ஒரே உயரம். இரண்டு பேரும் ஒன்றல்ல என்பதை எழுதுகிறவர்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நுணுக்கம். நீரஜ் சோப்ரா புடாபெஸ்டில் ஈட்டியை 88.17 மீட்டர் எறிந்து உலக சாம்பியன் ஆனது 27-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி. ஜனங்கள் மனசில் அதெல்லாம் ஒரே சந்தோஷமான வாரம், ட்ரெண்ட்ஸ் கணக்கில் நீரஜ் அடுத்த வாரம். எந்த நாளில் வாரத்தை வெட்டுகிறார்கள் என்று பார்க்காமல் வாரப் பட்டியல் எழுதாதீர்கள்.

தங்கம் விலை பார்க்காத நாளே எங்கள் வீட்டில் கிடையாது. அது ஏன் உங்கள் பட்டியலில் வருவதே இல்லை?
நகைத் தொழிலாளி, கோயம்புத்தூர்

மேலே சொன்ன டீதான் அது. தங்கம் விலை, ராசிபலன், மழை வருமா, பவர் கட் எத்தனை மணிக்கு, ரயில் எங்கே வருகிறது, இவையெல்லாம் தினமும் ஒரே சீராக ஓடும் தேடல்கள். யூடியூப், பேஸ்புக் என்ற பெயர்களையே தேடல் பெட்டியில் அடித்து உள்ளே போகிறவர்களும் ஏராளம். திடீர் ஏற்றம் எதிலும் இல்லாததால் பட்டியலுக்குள் வராது. என்னைக் கேட்டால் ஒரு ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தச் சீரான தேடல்கள்தான் முக்கியம். விலை தாறுமாறாக எகிறும் நாளில் மட்டும் உங்கள் தங்கமும் மேலே வந்துவிடும்.

தமிழில் தேடுவதும் ஆங்கில எழுத்தில் தேடுவதும் ஒரே கணக்கில் சேருமா?
ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, ட்ரெண்ட்ஸில் இரண்டு வழி இருக்கிறது. 'தேடல் சொல்' என்று போட்டால் அந்த எழுத்துகளை மட்டும்தான் பார்க்கும். 'சந்திரயான்' என்று தமிழில் அடித்தால் ஒரு கோடு, அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் வேறு கோடு, அதிலும் ஸ்பெல்லிங் மாறினால் இன்னொன்று. 'தலைப்பு' என்று தேர்ந்தெடுத்தால் பல மொழிகளில் நடந்த அதே பொருளைப் பற்றிய தேடல்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும்.

தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடுகிறோம். அதனால் தமிழ் எழுத்தில் ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு 'இதை யாரும் தேடவே இல்லை' என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். ஆனால் பஸ் ஸ்டாண்ட் பையன் மாதிரி மைக்கில் பேசினால் போன் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறது. தமிழ் டைப்பிங் பழகாதவர்கள்கூட இப்போது தமிழ் எழுத்திலேயே தேடுகிறார்கள், இது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிரெக்சிட் ஓட்டு போட்ட மறுநாள் இங்கே 'ஐரோப்பிய யூனியன் என்றால் என்ன' என்று தேடினார்களே, இப்படியுமா ஒரு நாடு இருக்கும்? இன்றைக்கும் ஆபீஸில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
லண்டன் வாசகர்

ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகலாமா என்று 2016 ஜூன் 23-இல் ஓட்டு, விலகலாம் என்று 24 காலையில் முடிவு. அன்று கூகுள் ட்ரெண்ட்ஸ் போட்ட பதிவு என்ன சொன்னது என்றால், முடிவு வந்ததிலிருந்து ஐரோப்பிய யூனியன் பற்றி பிரிட்டனில் கேட்கப்பட்ட கேள்விகளில் அது இரண்டாவது என்று. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது அந்தப் பதிவில் இல்லவே இல்லை. 'பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளில்' என்பதை விட்டுவிட்டு உலகம் முழுக்கப் பத்திரிகைகள் 'ஓட்டுப் போட்டுவிட்டு இப்போதுதான் தேடுகிறார்கள்' என்று எழுதின. தேடியவர் ஓட்டுப் போட்டாரா, போட வயசு இருந்ததா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே தங்கியிருப்பவரா, எதுவும் அந்தக் கணக்கில் தெரியாது.

எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், தெரியாததைத் தேடியவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் அன்றிலிருந்து நன்றாக ஊறிவிட்டது. 2023 மே மாதம் புது நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தபோது, இந்தியா முழுக்க 'செங்கோல் என்றால் என்ன' என்று தேடினார்கள், வருஷப் பட்டியலிலேயே இடம் பிடித்தது. திருக்குறளில் செங்கோன்மை என்று ஒரு அதிகாரமே படித்து வளர்ந்த நமக்கு அது தெரிந்த சொல். ஒரு பிகார்க்காரருக்கு எப்படித் தெரியும்? தேடினார், தெரிந்துகொண்டார், அவ்வளவுதானே. உங்கள் ஆபீஸில் அடுத்த தடவை யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

கேஸ் இணைப்பில் பிரச்னை என்று கஸ்டமர் கேர் நம்பரைத் தேடினோம். முதலில் வந்த நம்பருக்குப் போன் செய்தோம், ஒரு ஆப் இறக்கச் சொன்னார்கள், அக்கவுண்டிலிருந்து 38,000 ரூபாய் போய்விட்டது. முதலில் வந்தால் சரியானது என்றுதானே நினைப்போம்?
இல்லத்தரசி, திருநெல்வேலி

அம்மா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் மேல் தப்பே இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம், அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுகிறவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பார், சீக்கிரம் பேசி முடிக்கப் பார்ப்பார். அந்த நேரத்துக்காகவே பொய்யான நம்பரை விளம்பரமாகக் காசு கட்டி மேலே கொண்டுவருகிறார்கள், சில சமயம் மேப்பில் கடை, வங்கிக் கிளை இருக்கும் இடத்தில் 'திருத்தம்' என்று தங்கள் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு ஆப். அது பெரும்பாலும் உங்கள் போன் திரையை அவர்கள் பார்ப்பதற்கான ஆப், ஓடிபி வந்தால் நீங்கள் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பணம் போனது தெரிந்த அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். நாடு முழுக்க சைபர் மோசடிக்கு அதுதான் நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு, பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அந்த ஆப்பையும் போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: வங்கி நம்பர் ஏடிஎம் கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கிலும் இருக்கிறது. கேஸ் நம்பர் சிலிண்டர் பில்லிலும் கேஸ் புத்தகத்திலும் இருக்கிறது. இன்று சாயங்காலம் உட்கார்ந்து நாலைந்து நம்பரைச் சரிபார்த்துப் போனில் போட்டு வைத்துவிடுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள்.

காய்ச்சல் பற்றி எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்த்தாலே எந்த ஊரில் நோய் பரவுகிறது என்று தெரிந்துவிடாதா?
மருத்துவக் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கூகுளே இதைச் செய்து பார்த்தது, தம்பி. 2008-இல் 'ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' என்று ஆரம்பித்தார்கள். தேடல்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் எங்கே ஏறுகிறது என்று, அரசாங்கக் கணக்கு வருவதற்கு முன்பே சொல்வதுதான் திட்டம். முதலில் நன்றாகவே போனது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையாக டாக்டரிடம் போனவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பிட்டுவிட்டது. டிவியில் ஃப்ளூ ஃப்ளூ என்று செய்தி ஓடினால் காய்ச்சல் இல்லாதவரும் தேடுவார் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2015-இல் நிறுத்திவிட்டார்கள். பயமும் நோயும் தேடல் பெட்டியில் ஒரே வார்த்தையாகத்தான் விழும். நீங்கள் டாக்டர் ஆனதும், 'நெட்டில் பார்த்தேன் சார்' என்று வரும் நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் என்ன பார்த்தார், எதற்குப் பயந்தார் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். பாதிப் பிரச்னை அதிலேயே தெரிந்துவிடும்.

பத்தாவது படிக்கும் என் மகன் போனில் 'ஃபெயில் ஆனா என்ன பண்றது', 'வீட்டுக்குத் தெரியாம மார்க் பாக்க முடியுமா' என்றெல்லாம் தேடியிருக்கிறான். பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கேட்கலாமா, கேட்கக் கூடாதா?
ஒரு தாய், கோவில்பட்டி

அம்மா, மற்ற எல்லாக் கேள்விகளையும்விட உங்கள் கேள்வியை அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏஓஎல் என்ற நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவும் என்று ஆறரை லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள். சில நாளிலேயே பத்திரிகைக்காரர்கள் ஒரு எண்ணின் தேடல்களை மட்டும் வைத்து அது யார் என்று வீட்டுக் கதவு வரை போய்விட்டார்கள். உடம்பு வலி, தனிமை, நாயின் சேட்டை என்று அந்தத் தேடல்களில் ஒரு மூதாட்டியின் வாழ்க்கையே இருந்தது. யாரிடமும் கேட்க முடியாததை நாம் அந்தப் பெட்டியிடம் கேட்கிறோம். உங்கள் மகனும் அதைத்தான் செய்திருக்கிறான். அவன் கெட்டுப்போகவில்லை, பயந்துபோயிருக்கிறான்.

'உன் போனைப் பார்த்தேன்' என்று ஆரம்பிக்காதீர்கள், அதன் பிறகு அவன் தேடுவதையும் மறைத்துக்கொள்வான். சாப்பாடு போடும்போது, பாத்திரம் கழுவும்போது, முகத்துக்கு நேரே உட்காராத ஒரு நேரத்தில் விஷயத்தை நீங்களே எடுங்கள். 'மார்க் குறைஞ்சா என்ன, ஃபெயிலே ஆனாலும் துணைத் தேர்வு இருக்கு, இந்த வருஷமே எழுதிட்டுப் பதினொன்னாவது சேரலாம், ஐடிஐ இருக்கு, பாலிடெக்னிக் இருக்கு' என்று பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பேசுவது மாதிரி சொல்லுங்கள். வீரமுத்துவேல் பாலிடெக்னிக் படித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் பதில் பேசாவிட்டாலும் காதில் விழுந்துவிடும். அவன் அப்பாவிடமும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், ரிசல்ட் அன்று வீட்டில் கத்தல் இருக்கக் கூடாது.

சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலோ, காத்திருக்காதீர்கள், அன்று மட்டும் நேராகவே கேட்டுவிடுங்கள். டெலி மானஸ் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும். அவனும் பேசலாம், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நீங்களும் பேசலாம். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.

வாராவாரம் எதை அதிகம் பார்க்கிறார்கள் என்று கூகுள் இல்லாமல் வேறு எங்காவது தெரிந்துகொள்ளலாமா?
நூலகர், புதுச்சேரி

விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை திறந்தார்கள் என்று உண்மையான எண்ணிக்கையையே போடுகிறார்கள், 2015 ஜூலை முதல் எடுத்துப் பார்க்கலாம், தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் தனியாக இருக்கிறது. 2023-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் முதல் இடம் பிடித்த சாட்ஜிபிடி கட்டுரையைச் சுமார் 4.9 கோடி தடவை திறந்திருக்கிறார்கள்.

உங்கள் பெட்டிச் செய்தியில், பட்டுப் புடவை ஒரிஜினலா என்று கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி முன்பு ஒரு வருஷப் பட்டியலில் வந்ததாக எழுதினீர்கள். கேள்வியைப் போட்டீர்கள், பதிலைப் போடவில்லையே! தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறோம்.
மணப்பெண்ணின் அக்கா, ஆரணி

ஆமாம், 2023 இந்தியப் பட்டியலில் காஞ்சிபுரம் பட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி இருந்தது. பதிலைப் போடாதது எங்கள் தவறு, இதோ.

முதலில் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். கோர்வைப் புடவை என்றால் கரை ஒரு நிறத்திலும் உடல் ஒரு நிறத்திலும் தனித்தனி நாடாவில் (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கருவி) ஓட்டி, நெய்யும்போதே கோர்த்திருப்பார்கள். சேரும் கோட்டில் விரலை வைத்து ஓட்டினால் லேசாக ஒரு மேடு தட்டும், புடவையைத் திருப்பினால் அந்தக் கோர்ப்பு இன்னும் நன்றாகத் தெரியும். ஜரிகை: நல்ல ஜரிகையில் உள்ளே பட்டு நூல், அதன் மேல் வெள்ளி, அதற்கு மேல் தங்க முலாம். பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், வெள்ளையாகவோ செம்பாகவோ தெரிந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள். பட்டு நூலுக்கு: முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை எடுத்து வீட்டில் பற்றவைத்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நசுங்கும். பிளாஸ்டிக் மாதிரி உருகி உருண்டையானால் அது செயற்கை இழை. சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் அந்த அட்டை பட்டு நூலுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதைத் தனியாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆரணியில் இருந்துகொண்டு காஞ்சிபுரத்துக்குப் போகிறீர்கள். உங்கள் ஊரிலேயே பட்டு நெய்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. போவதற்கு முன்னால் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுத் தறியில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவரையே கோர்வையையும் ஜரிகையையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தங்கைக்கு என் ஆசிகள்.